இரண்டாவது சாவி

இருபது பேர் கொண்ட ஒரு மகளிர் சுய உதவிக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரை மணி. ஊக்குநர் அக்காவின் எண்ணிலிருந்து ஓர் உறுப்பினரின் வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒரு செய்தி வருகிறது: “தங்கச்சி, ஒரு ஆறு இலக்க நம்பர் தவறுதலா உன் போனுக்கு வந்துருச்சு. உடனே அனுப்பு, அவசரம்.” அக்காவே கேட்கிறார், கொடுக்காமல் எப்படி? எண் போகிறது. அடுத்த நிமிடம் தங்கச்சியின் போனில் வாட்ஸ்அப் நின்றுவிடுகிறது. கால் மணி நேரத்தில், அவருடைய பெயரோடும் படத்தோடும் குழுவில் மற்றவர்களுக்கு ஒரு செய்தி: “ஆஸ்பத்திரியில இருக்கேன்கா. ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க, சாயங்காலம் தந்துடுறேன்.”

அந்த அக்கா யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. அவருடைய கணக்கு முந்தைய இரவே இதே வழியில் பறிபோயிருந்தது.

காட்சி கற்பனை; நடக்கும் முறை நிஜம். சைபர் குற்றப் பிரிவு போலீசார் மக்களைத் தொடர்ந்து எச்சரித்துவரும் மோசடி இது. இதில் ‘ஹேக்கிங்’ என்று நாம் சினிமாவில் பார்க்கும் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடவில்லை. எந்தப் பூட்டும் உடைபடவில்லை. வீட்டுக்காரரே சாவியை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

பூட்டு எவ்வளவு உறுதி?

தங்கச்சி அனுப்பிய அந்த ஆறு இலக்க ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுஎண், பார்ப்பதற்கு எளிய எண். ஆனால் 000000 முதல் 999999 வரை 10 லட்சம் வாய்ப்புகள் அதில் இருக்கின்றன. மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். குருட்டாம்போக்கில் போட்டுப் பார்ப்பவர் வெல்லும் வாய்ப்பு 10 லட்சத்தில் 3. சில நிமிடங்களில் எண்ணும் காலாவதியாகிவிடும். நம் போனுக்கும் வங்கிக்கும் நடுவே போகும் தகவலோ குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. வழியில் மறித்துப் படிப்பது ஏறக்குறைய ஆகாத காரியம்.

பாதுகாப்புத் துறையினர் சாவிகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: நமக்குத் தெரிந்தது, நம் கையில் இருப்பது, நாமாகவே இருப்பது. பின் எண் முதல் வகை, சிம் இருக்கும் போன் இரண்டாவது, கைரேகை மூன்றாவது. 2016இல் அறிமுகமான யுபிஐ இவற்றில் இரண்டைச் சேர்த்தே கேட்கிறது. போனைத் திருடியவருக்குப் பின் எண் தெரியாது; பின்னை எட்டிப் பார்த்தவரிடம் போன் இருக்காது.

இவ்வளவு கெட்டியான பூட்டு இருந்தும் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தியாவில் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024இல் 22,845 கோடி ரூபாய் என்றும் மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

ஓட்டை எங்கே? சாவிகள் இரண்டுதான், ஆனால் இரண்டும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. அந்த ஒருவரை அவசரப்படுத்தினால் இரண்டு சாவியும் சேர்ந்தே விழுந்துவிடும். எனவே மோசடிக்காரர்கள் கணிதத்தோடு மோதுவதில்லை, மனிதரோடு மோதுகிறார்கள்.

பயம் செய்யும் வேலை

‘டிஜிட்டல் கைது’ என்னும் நாடகத்தைப் பாருங்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று போன் வரும். அழைப்பு ‘அதிகாரி’க்கு மாறும். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் காவல்துறைச் சின்னம், மேசையில் தேசியக்கொடி. “கேமராவை அணைக்காதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள், இது ரகசிய விசாரணை” என்பார்கள். மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில், அந்த அறையே சிறையாகும். கடைசியில், ‘சரிபார்த்துத் திருப்பித் தருவோம்’ என்று சேமிப்பு முழுவதையும் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள்.

ஹரியானாவில் ஒரு மூத்த தம்பதியிடம் உச்ச நீதிமன்ற உத்தரவையே போலியாகக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைதுசெய்து வைப்பது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. எந்த விசாரணை அமைப்பும் போனில் பணம் மாற்றச் சொல்லாது.

படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள்கூட எப்படி ஏமாறுகிறார்கள் என்று கேலி பேசுகிறோம். படிப்புக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. திடீர் அச்சம் வந்ததும் மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி முந்திக்கொள்கிறது. இதயம் படபடக்கிறது, அட்ரினலின் பாய்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானமாக எடைபோடும் மூளைப் பகுதி அந்த நேரத்தில் மங்கிவிடுகிறது. பாம்பைக் கண்டதும் யோசிக்காமல் துள்ளிக் குதிக்க இந்த ஏற்பாடு உதவியது. அதே ஏற்பாடு போனில் வரும் மிரட்டலுக்கும் நம்மைத் துள்ள வைக்கிறது.

இதற்கு அதிகாரத்துக்குக் கட்டுப்படும் பழக்கம் துணைபோகிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, மனிதரை இணங்க வைக்கும் உத்திகளைப் பற்றி 1984இல் எழுதிய புத்தகத்தில் அதிகாரம், பற்றாக்குறை, பலரும் செய்வதைப் பார்த்துச் செய்தல் முதலியவற்றை விளக்கினார். மோசடிக்காரர் அந்த நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை. காக்கிச் சட்டை அதிகாரம், ‘இன்னும் பத்து நிமிடம்தான்’ என்பது பற்றாக்குறை, பங்குச்சந்தை வாட்ஸ்அப் குழுவில் ‘எனக்கு லாபம் வந்தது’ என்று வரிசையாக எழுதும் போலி உறுப்பினர்கள் மூன்றாவது உத்தி.

எல்லா மோசடிக் கதைகளையும் பிழிந்தால் இரண்டே சாறு மிஞ்சும்: அவசரப்படுத்து, தனிமைப்படுத்து. அப்படியானால் மருந்தும் இரண்டுதான்: நேரம், இன்னொரு ஆள்.

நமக்குத் தெரியாததா?

இந்த மருந்து கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு இல்லை. வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். கோயில் உண்டியலைத் தனியாள் திறப்பதில்லை. பலர் முன்னிலையில் திறந்து, கூடி உட்கார்ந்து எண்ணுகிறார்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசின் முயற்சியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உருவானபோதும் இதே அறிவு அதில் இருந்தது. குழுவின் சேமிப்பை எடுக்கத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரே கையெழுத்து போதாது. ஊக்குநர்மேல் சந்தேகம் என்பதால் வைத்த விதி இல்லை இது. அவரை யாராவது நெருக்கினால், “நான் மட்டும் முடிவெடுக்க முடியாது, குழுவைக் கேட்கணும்” என்று சொல்லித் தப்பிக்க அவருக்கே கிடைத்த கேடயம்.

காகிதத்தில் இருந்த அந்த இரண்டாவது கையெழுத்து, பணம் போனுக்குள் வந்ததும் காணாமல் போய்விட்டது. வீட்டிலும் இதே கதைதான். முன்பு நகையை அடகு வைக்க நாலு பேரிடம் பேச வேண்டும், கடைக்குப் போக வேண்டும். இன்று வாழ்நாள் சேமிப்பு குளியலறைக் கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் போய்விடும். தொழில்நுட்பம் தாமதத்தை ஒழித்தது. அந்தத் தாமதத்துக்குள்தான் நம் பாதுகாப்பும் ஒளிந்திருந்தது.

போனின் புறக்கடைகள்

ஆளை ஏமாற்றுவதோடு, போனையே ஏமாற்றும் வழிகளும் சில உண்டு.

முதலாவது ஏபிகே கோப்பு. வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’, ‘போக்குவரத்து அபராதம்’, ‘வங்கி கேஒய்சி’ என்ற பெயரில் வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ இருக்கும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டு செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபியை நமக்கு முன் அது படித்துவிடும். ‘நம் கையில் இருப்பது’ என்ற சாவி அங்கே நம் கையை விட்டுப் போய்விடுகிறது. சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப முடியாது. அவர் போனில் புகுந்த செயலியே அதை எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாம்.

இரண்டாவது, திரையைப் பகிரும் செயலி. ‘உங்கள் பிரச்சினையை நானே சரிசெய்கிறேன்’ என்று நிறுவச் சொல்வார்கள். நம் திரை அவர் கண்முன் விரிந்துவிடும்.

மூன்றாவது, அழைப்பைத் திருப்பிவிடுதல். ‘கூரியர் வந்திருக்கிறது, நட்சத்திரக் குறி போட்டு 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்துங்கள்’ என்பார்கள். அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும். குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் சேர்ந்தே போகும். இந்த வசதியை 2024 ஏப்ரல் முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்தினால் எல்லாத் திருப்புதலும் ரத்தாகும்.

நான்காவது கியூஆர் கோடு. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது இது. உச்ச நிலையில் 30 சதவீதம் வரை சேதமடைந்தாலும் படித்துவிடும் பிழைதிருத்தக் கணிதம் அதில் இருக்கிறது. அதனால்தான் டீக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அட்டையும் வேலை செய்கிறது. ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மனிதக் கண்ணால் படிக்க முடியாது. கடையின் அட்டைமேல் இன்னொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பணம் போடுமுன் திரையில் வரும் கணக்குப் பெயரை வாய்விட்டுக் கேட்பது ஒன்றே வழி: “சரவணன்னு வருதே, உங்க பேருதானா அண்ணே?”

யுபிஐ பின் பணம் கொடுக்கத்தான். வாங்குவதற்குப் பின் எண் தேவையில்லை, ஸ்கேன் செய்யவும் வேண்டாம். பழைய கட்டில் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தவரிடம் ‘பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க’ என்று ஒருவர் சொன்னால், அவர் வாங்க வந்தது கட்டில் இல்லை.

எட்டு எழுத்தும் பதினாறு எழுத்தும்

குழுவின் அல்லது சங்கத்தின் மின்னஞ்சல் போன்ற கணக்குகளுக்கு ஓடிபி மட்டும் போதாது, கடவுச்சொல்லும் நன்றாக இருக்க வேண்டும். எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளை எப்படி அடுக்கினாலும் மொத்தம் 20,882 கோடி வகைதான். திருடப்பட்ட கடவுச்சொல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு விநாடிக்கு ஆயிரம் கோடி முறை சோதிக்கும் கணினிக்கு இது 21 விநாடி வேலை. எழுத்துகளைப் பதினாறாக்கினால் அதே கணினிக்கு 1 லட்சத்து 38 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நீளத்தை இரட்டித்தோம், வாய்ப்புகளோ தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டன.

ஒரு நிபந்தனை: எழுத்துகள் யூகிக்க முடியாதவையாக இருக்க வேண்டும். மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் வரும், மனத்திலும் நிற்கும். தலைவர் மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பதுபோல இதுவும் பொறுப்பு ஒப்படைப்பில் ஒரு வரி.

குழுவில் செய்ய வேண்டியவை

ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எல்லோரும் வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்பதைத் திறந்து ஓர் ஆறு இலக்கப் பின் வைத்துக்கொள்ளட்டும். அதன்பின் ஓடிபி கைமாறினாலும் கணக்கு சுலபமாகப் பறிபோகாது. ஏற்கெனவே பறிபோயிருந்தால் அதே எண்ணால் மீண்டும் பதிவு செய்யுங்கள், திருடர் வெளியேற்றப்படுவார். அவர் ஒரு பின் வைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரலாம். அதுவரை மற்றவர்களுக்குச் சாதாரண அழைப்பில் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒரே ஒரு விதி: எழுத்தில் வரும் பணக் கோரிக்கைக்கு எழுத்தை நம்பிப் பணம் அனுப்புவதில்லை. நாமே அந்த எண்ணை அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும். பெரிய தொகை என்றால் இன்னொரு உறுப்பினரிடமும் சொல்ல வேண்டும். ‘மானியம் வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று வரும் செய்திக்கும் இதே விதி.

ஆதார் நகல், வங்கிப் புத்தகப் படம் ஆகியவற்றைக் குழுவில் போடும் வழக்கத்தை விடுங்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. வெளியேறியவர்களின் எண்களைக் குழுவிலிருந்து நீக்குங்கள். குடியிருப்புச் சங்கமோ திருவிழாக் குழுவோ, நன்கொடைக்கான கியூஆர் அட்டையில் கணக்குப் பெயரைப் பெரிதாக அச்சிடுங்கள். பொருளாளர் வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் போட்டு, அது சங்கக் கணக்குக்குத்தான் வருகிறதா என்று பார்க்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு சிறிது நேரக் குரல் பதிவை வைத்தே அதே குரலில் பேசிவிடுகிறது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைக் ‘கண்டு’ சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். திரையில் இருந்தவை கணினி உருவாக்கிய போலி முகங்கள். “அம்மா, விபத்துல மாட்டிக்கிட்டேன்” என்று மகன் குரலில் அழைப்பு வந்தால், நம் வீட்டு நாய்க்குப் பாட்டி வைத்த பட்டப்பெயரைக் கேளுங்கள். அதை எந்தக் கணினியும் அறியாது.

பெரிய சேமிப்பை யுபிஐயோடு இணைக்காத தனிக் கணக்கில் வையுங்கள். அன்றாடக் கணக்கில் பரிமாற்ற வரம்பைக் குறையுங்கள். கிராமத்துப் பெரியவர்கள் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் இருந்தால், எடுக்கும் நாள் தவிர மற்ற நாளில் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம், “எந்த போலீஸ் போன் பண்ணினாலும், ‘என் மகளைக் கேட்டுட்டுச் சொல்றேன்’னு வெச்சிடுங்கப்பா” என்று ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லி வையுங்கள். தனிமைப்படுத்தும் வலை அந்த ஒரு வாக்கியத்தில் அறுந்துவிடும்.

பணம் போய்விட்டால்

திருடிய பணம் ஓரிடத்தில் நிற்பதில்லை. முதல் கணக்கிலிருந்து நாலைந்து கணக்குகளுக்கு, அங்கிருந்து இன்னும் பலவற்றுக்கு என்று நிமிடங்களில் சிதறி, ஏடிஎம்மிலோ மெய்நிகர் நாணயமாகவோ வெளியேறும். இந்த இடைக் கணக்குகளை ‘மியூல் அக்கவுண்ட்’ என்பார்கள். சுமை தூக்கும் கோவேறு கழுதை என்று பொருள். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்குக் கொடுக்கும் கல்லூரி மாணவர்தான் சில நேரம் அந்தக் கழுதை. வழக்கு வரும்போது முதல் பெயர் அவருடையதாக இருக்கும். வெளிநாட்டில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியில் மோசடி முகாம்களில் அடைபட்டு மீண்டதும் நினைவிருக்கலாம். மறுமுனையில் பேசுகிறவரும் சில நேரம் கைதிதான்.

பணம் சிதறும் முன் பிடிக்க 1930 என்ற எண் இருக்கிறது. அழைத்ததும் பரிவர்த்தனை எண், நேரம், தொகை கேட்பார்கள். தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே போகும். அங்கே இருந்தால் முடக்கப்படும், நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் துரத்தல் தொடரும். 2021இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2025 நடுப்பகுதி வரை 5,000 கோடி ரூபாய்க்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். சட்டமும் வேகத்தையே பார்க்கிறது: 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிப்படி, தவறு வங்கியிலும் இல்லை நம்மிடமும் இல்லை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு இழப்பு இல்லை. நாமே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனது நம் தலையில்; அதன்பின் போனால் வங்கியின் பொறுப்பு.

இந்த வேகத்துக்குப் பெரிய எதிரி வெட்கம். ‘வீட்டுக்காரர் திட்டுவாரே’, ‘குழுவில் சிரிப்பார்களே’ என்று ஒரு நாள் மறைத்தால் பணம் கைமாறிவிடும். ஏமாந்தவரை முதல் ஒரு மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத வீடு, எந்த மென்பொருளையும்விடப் பாதுகாப்பான வீடு.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை வாசித்து முடித்ததும் தீர்மானப் புத்தகத்தைத் திறவுங்கள். ‘எழுத்தில் கேட்டால் பணம் அனுப்ப மாட்டோம், குரல் கேட்டு, இன்னொருவரிடம் சொல்லிவிட்டே அனுப்புவோம், ஏமாந்தால் உடனே 1930ஐ அழைப்போம்’ என்று ஒரு தீர்மானம் எழுதி, இருபது பேரும் கையெழுத்திடுங்கள்.